அன்னா மரி என்னும் பெயர்: பட்டி டியூக்கின் நடிப்பு வாழ்வு குறித்துச் சில சிந்தனைகள்

நடிகரின் வாழ்க்கை வரலாறு திறனாய்வுக்குரிய பொருளா என்னும் ஐயம் நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கிவிட்டதென்று கூறமுடியாது. புலவரின் வாழ்வையும் நாவலாசிரியரின் வாழ்வையும் அவர்தம் ஆக்கங்களோடு இணைத்து நோக்கத் தயங்காத நாம், நடிகர் என்றதும் அவரைச் சஞ்சிகைகளின் சினிமாப் பக்கங்களுக்கு விட்டுவிடுகின்றோம். அதிலும் தொலைக்காட்சி நடிகையென்றால் சொல்லவேண்டியதில்லை. ஆயின் கலையும் உழைப்பும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை அறிய விரும்புவோருக்கு நடிகரைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. எழுத்தாளனுக்கும் அவன் எழுதியதற்குமிடையே தாளேனும் உண்டு. நடிப்பிலோ உழைப்பவரும் கருவியும் விளைபொருளும் ஒரே உடலில் அமைந்துவிடுகின்றன. அவ்வுடல் ஒரு குழந்தையினுடையதாயின், உழைப்பின் பயன் யாருக்கு உரியது என்ற வினா இன்னும் கூர்மையடைகின்றது. இவ்வினாவை முன்வைத்தே அமெரிக்க நடிகை பட்டி டியூக்கின் வாழ்வையும் ஆக்கங்களையும் நாம் இங்கு நோக்க முற்படுகின்றோம்.

அவர் 1946 டிசெம்பர் 14 ஆந் திகதி நியூயோர்க் நகரில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் அன்னா மரி. தந்தை வாடகைக்கார் ஓட்டுநர், குடிக்கு அடிமையானவர். தாய் காசாளராகத் தொழில் பார்த்தவர். அடிக்கடி மனச்சோர்வுக்கு ஆளானவர். சிறுமிக்கு ஆறு வயதானபோது தந்தை குடும்பத்தை விட்டு விலகிவிட்டார். நடிப்புத் துறையில் ஏற்கெனவே ஈடுபட்டிருந்த சகோதரனின் வழியாக, ஜோன் றொஸ், எதெல் றொஸ் என்னும் முகாமையாளர் தம்பதியினர் எட்டு வயதளவில் அவளைத் தம் பொறுப்பில் ஏற்றனர். காலப்போக்கில் அவள் அவர்களது இல்லத்திலேயே வாழலானாள். வயது குறைத்துச் சொல்லப்பட்டது, நடித்திராத நிகழ்ச்சிகள் தகைமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன, பெயரும் மாற்றப்பட்டது. அன்னா மரி இனி இல்லை, இனி பட்டியே உண்டு என்று தமக்கு உணர்த்தப்பட்ட விதத்தை 1987 இல் வெளியான தமது சுயசரிதையில் அவர் விவரித்துள்ளார். தம் முகாமையாளர் தமக்கு மதுவும் மருந்துகளும் தந்ததாகவும், தம்மிடம் தகாத முறையில் நடக்க முயன்றதாகவும் அதே நூலில் எழுதியுள்ளார்.

புனைபெயர் பூணுவது கலையுலகில் புதிதன்று, எழுத்துலகிலும் உள்ளதே. ஆனால் தானே தனக்கு இட்டுக்கொள்ளும் பெயருக்கும், விற்பனைக்கு வரும் பொருளுக்கு உரிமையாளன் ஒட்டும் பெயருக்கும் இடையே பாரிய வேறுபாடு உண்டு. பின்னதில் பெயரை ஒட்டியவனே பொருளுக்கும் உரியவனாகின்றான். டியூக்கின் பிற்கால வாழ்வு முழுவதும் இப்பெயரைச் சுற்றியே வழக்காடியது எனினும் தவறாகாது.

1950களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சியை உலுக்கிய வினாவிடை நிகழ்ச்சி மோசடியிலும் இச்சிறுமி சிக்கினாள். பெருந்தொகைப் பரிசு வழங்கும் நிகழ்ச்சியொன்றில் ஜனரஞ்சக இசை பற்றிய வினாக்களுக்கு விடையளித்து 32,000 டொலர் வென்றாள். விடைகள் முன்கூட்டியே தயார்செய்யப்பட்டவை என்பது பின்னர் வெளியாயிற்று. கொங்கிரஸ் குழுவின் முன் சாட்சியமளிக்க அவளும் அழைக்கப்பட்டாள். அறிவையும் அறியாமையையும் குறித்த விநாடியில் முகத்தில் காட்டுவதற்குப் பயிற்றப்பட்ட ஒரு குழந்தையிடம் அரசு உண்மையை எதிர்பார்த்து நின்ற அக்காட்சியை, எந்த நாடகாசிரியனும் எழுதத் துணிந்திருக்கமாட்டான்.

நிற்க, அவரது கலைக்கு வருவோம். வில்லியம் கிப்சன் எழுதிய 'த மிரக்கிள் வேர்க்கர்' என்னும் நாடகம், ஆதர் பென்னின் நெறியாள்கையில் 1959 ஒக்டோபரில் புரோட்வே அரங்கில் மேடையேறியது. பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லராகப் பன்னிரண்டு வயதுச் சிறுமி பட்டி டியூக் நடித்தாள். ஆசிரியை ஆன் சலிவனாக ஆன் பான்கிராஃப்ட் நடித்தார். 1962 இல் அதே நெறியாளர் அதே இருவரையும் கொண்டு நாடகத்தைத் திரைப்படமாக்கினார். பான்கிராஃப்டுக்குச் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருதும், டியூக்குக்குச் சிறந்த துணை நடிகைக்கான விருதும் 1963 இல் கிட்டின. அப்போது டியூக்குக்கு வயது பதினாறு. போட்டிப் பிரிவொன்றில் அவ்விருதை அதுவரை அத்துணை இளம் வயதில் எவரும் பெற்றதில்லை.

இப்படத்தின் உணவறைக் காட்சி விரிவாக நோக்கத்தக்கது. ஏறத்தாழ ஒன்பது நிமிடம் நீளும் அக்காட்சியில் உரையாடல் இல்லையென்றே சொல்லலாம். பிறர் தட்டுகளில் கையிட்டு அள்ளியுண்ணும் வழக்கமுடைய ஹெலனைத் தன் தட்டிலிருந்து கரண்டியால் உண்ணச் செய்வதற்கு, குடும்பத்தவரை வெளியேற்றிக் கதவைப் பூட்டிவிட்டு ஆசிரியை போராடுகின்றாள். நாற்காலிகள் சரிகின்றன, கரண்டிகள் பறக்கின்றன, நீர் முகத்தில் எறியப்படுகின்றது. குழந்தை நடிகரிடமிருந்து சினிமா வழமையாகக் கேட்பது முகக்கவர்ச்சியும் குரலின் இனிமையும் ஆகும். அவ்விரண்டும் இங்கு விலக்கப்பட்டுவிட்டன. ஹெலனின் கண்கள் எவரையும் சந்திப்பதில்லை; வாயிலிருந்து சொல் வருவதில்லை. எஞ்சியிருப்பது உடல் மட்டுமே: முகர்ந்து தடவி எதிர்த்து, ஓயாது வெளியைத் தேடும் ஓர் உடல். இரக்கத்தைக் கோராத குழந்தை நடிப்பு சினிமாவில் மிக அரிது. டியூக்கின் ஹெலன் நம்மிடம் இரக்கம் கேட்பதில்லை. அவளது முரட்டுத்தனத்தில் ஓர் அறிவு வழி தேடுவதை நாம் காண்கின்றோம். இறுதியில் நீர்க்குழாயடியில், மழலையில் அறிந்து மறந்த ஒரு சொல்லின் துண்டு அவள் வாயிலிருந்து வெளிப்படும்போது, அதுவரை நாம் கண்ட முரட்டுத்தனம் முழுவதற்கும் பொருள் கிடைத்துவிடுகின்றது.

இவ்விடத்தில் சங்கடமான ஓர் உண்மையை எதிர்கொள்ளவேண்டியுள்ளது. இந்நடிப்பு வானத்திலிருந்து விழுந்ததன்று. பாத்திரத்துக்கான தெரிவு நடைபெறுமுன்னரே, ஓராண்டுக்கும் மேலாக றொஸ் தம்பதியினர் சிறுமியை அதற்கெனப் பழக்கினர். கண்ணைக் கட்டி வீட்டினுள் நடமாடச் செய்தனர். தளபாடங்களை இடம் மாற்றிவைத்து வழி கண்டுபிடிக்கச் செய்தனர். அதாவது, அவளைச் சுரண்டியவர்களே அவளது கலையின் ஆசான்களாகவும் இருந்தனர். 'கொடியவர் கையிற் சிக்கிய மேதைக் குழந்தை' என்று எழுதுவோர் இவ்வுண்மையை மெல்ல ஒதுக்கிவிடுகின்றனர். 'எவ்வாறாயினும் அரிய கலை பிறந்ததல்லவா' என்போர் மறுபுறத்தில் அதனையே நியாயமாக்குகின்றனர். இரு சாராரோடும் நாம் உடன்படுவதற்கில்லை. அடிமைகளின் உழைப்பால் எழுந்த கட்டடத்தின் அழகை மறுக்கவேண்டியதில்லை. அழகு கருதி அடிமைத்தனத்தை மன்னிக்கவும் வேண்டியதில்லை. பயிற்சி அவர்களுடையதாயினும், பூட்டிய அறைக்குள் பிறர் விருப்பத்தை எதிர்த்து நிற்கும் அவ்வுக்கிரம் எவரும் கற்பித்துத் தந்ததன்று. அது அச்சிறுமியின் சொந்த அனுபவத்திலிருந்து வந்திருக்கவேண்டும் என்றே நாம் கருதுகின்றோம். இதற்கு வேறு சான்று காட்டுதல் இயலாது. அந்த ஒன்பது நிமிடங்களே சான்று.

தொலைக்காட்சித் தொடருக்கு வரும்போது நிலைமை வேறாகின்றது. 1963 செப்டெம்பர் முதல் 1966 வரை ஏபிசி வலையமைப்பில் 'பட்டி டியூக் ஷோ' வாரந்தோறும் அரை மணித்தியாலம் ஒளிபரப்பாகியது. நூற்றுக்கு மேற்பட்ட அத்தியாயங்களைக் கொண்ட இந்நகைச்சுவைத் தொடரை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் சிட்னி ஷெல்டன். பிற்காலத்தில் நாவல்களால் உலகப் புகழ் ஈட்டியவர் இவரே. உருவத்தில் வேறுபாடற்ற இரு ஒன்றுவிட்ட சகோதரிகள், துடுக்கான பட்டியும் அடக்கமான கதியும், நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரே வீட்டில் வாழ்கின்றனர். இருவராகவும் டியூக்கே நடித்தார். திரையைப் பிரித்துப் படம்பிடிக்கும் உத்தியாலும், முதுகுப்புறம் காட்டி நிற்கும் மாற்றாளின் உதவியாலும் இருவரும் ஒரே சட்டகத்தில் தோன்றினர். இவருக்கு அவராகவும் அவருக்கு இவராகவும் ஆள் மாறுவதே பெரும்பாலான கதைகளின் அச்சாணி.

டியூக்கோடு சிறிது காலம் பழகியபோது அவரிடம் இருவேறு இயல்புகளைத் தாம் கண்டதாகவும், இரட்டைப் பாத்திரம் என்னும் எண்ணம் அதிலிருந்தே பிறந்ததாகவும் ஷெல்டன் கூறியுள்ளார். 1982 இல் டியூக்குக்கு இருதுருவ மனநிலைக் கோளாறு உண்டெனக் கண்டறியப்பட்டபின், இக்கூற்றைப் பற்றிக்கொண்டு, இத்தொடரே அவரது நோயின் முன்னறிவித்தல் என விளக்குவது பத்திரிகையாளரிடையே வழக்கமாகிவிட்டது. இவ்விளக்கம் கவர்ச்சியானது, ஆனால் பிழையானது. இருதுருவக் கோளாறு என்பது ஒருவருக்குள் இருவர் வாழும் நிலையன்று. அது மனவெழுச்சியின் உச்சத்துக்கும் சோர்வின் ஆழத்துக்கும் ஒருவரையே மாறிமாறி இழுத்துச் செல்லும் நோய். மருத்துவத்தைத் தவறாக விளங்கிக்கொண்டு கலையை விளக்க முற்படுவது இரண்டுக்கும் இழைக்கும் அநீதியாகும்.

இரட்டைப் பாத்திரத்தின் உட்பொருளை நாம் வேறிடத்தில் தேடுகின்றோம். வாராந்தத் தொடர் நகைச்சுவையின் அடிப்படை விதி, பாத்திரம் மாறக்கூடாது என்பதே. எத்தகைய குழப்பம் நேரினும் அரை மணித்தியாலத்தின் முடிவில் அனைத்தும் தொடங்கிய இடத்துக்கே திரும்பவேண்டும். இல்லையேல் அடுத்த வாரம் விற்பதற்குப் பண்டம் இராது. நடிகையோ பதினாறிலிருந்து பத்தொன்பது வரை வளர்ந்துகொண்டிருக்கின்றாள். வளரும் ஓர் உடலை வளராத இரு பாத்திரங்களுக்குள் மூன்றாண்டு அடைத்துவைப்பதற்குப் பெருந் திறமை வேண்டும். அத்திறமை டியூக்கிடம் இருந்தது. பட்டி கதியாக நடிப்பதையும் கதி பட்டியாக நடிப்பதையும், நடையாலும் தோளின் சாய்வாலும் அவர் வேறுபடுத்திக் காட்டுமிடங்கள் இன்றும் சுவையானவை. ஆயினும் ஹெலனிடம் இருந்த தேடல் இங்கு இல்லை, இருக்க இடமுமில்லை. தொடரின் பெயரிலே நடிகையின் பெயர். பாத்திரத்தின் பெயரும் அதுவே. முகாமையாளர் ஒட்டிய பெயர் இப்போது ஒரு நாட்டின் வரவேற்பறைகளில் வாரந்தோறும் ஒலித்தது. அத்தொடரைப் பார்ப்பதற்குத் தமக்கு அனுமதி இருக்கவில்லை என டியூக் பின்னாளில் கூறியிருக்கின்றார். நெசவாளிக்குத் தன் துணி மறுக்கப்படுவது நாம் அறிந்த செய்தி. தன் முகமே தனக்கு மறுக்கப்படுவது அதற்கும் அப்பாற்பட்டது.

சட்டத்தின் பங்கும் கவனத்துக்குரியது. தொடரின் பெரும்பகுதி ஹொலிவுட்டில் அன்றி நியூயோர்க்கிலேயே படமாக்கப்பட்டது. சிறுவர் நடிகரின் வேலைநேரம் பற்றிய கலிபோர்ணியாவின் சட்டங்கள் கடுமையாக இருந்தமை இதற்கு ஒரு முக்கிய காரணம். நடிகைக்குப் பதினெட்டு வயது நிறைந்தபின் தயாரிப்பு மேற்குக் கரைக்கு மாறியது. சட்டம் காவலாய் நில்லாத இடத்தில் குழந்தையும், தேவையற்ற இடத்தில் வளர்ந்தவளும் வேலை செய்தனர். ஐக்கிய அமெரிக்காவின் 1938 ஆம் ஆண்டுக் கூட்டாட்சித் தொழிற் சட்டம் குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தியபோது நடிகராகப் பணிபுரியும் சிறுவரை அதிலிருந்து விலக்கியது. சுரங்கத்திலும் ஆலையிலும் குழந்தையின் உழைப்பு உழைப்பெனக் கொள்ளப்பட்டது. மேடையில் அது திறமையெனவும் விளையாட்டெனவும் கொள்ளப்பட்டது.

வருமானத்தின் கதியும் அவ்வாறே. சார்லி சப்ளினின் 'த கிட்' படத்தில் 1921 இல் நடித்துப் புகழ்பெற்ற ஜக்கி கூகன், தன் வருவாயைச் செலவிட்டுவிட்ட தாய்க்கும் மாற்றாந்தந்தைக்கும் எதிராக 1938 இல் வழக்குத் தொடர்ந்தார். அதன் விளைவாகக் கலிபோர்ணியாவில் 1939 இல் சிறுவர் நடிகருக்கான சட்டம் பிறந்தது. அச்சட்டத்தில் ஓட்டைகள் பல இருந்தன. டியூக் உழைத்த நியூயோர்க்கிலோ, சிறுவர் நடிகரின் ஊதியத்தில் ஒரு பகுதியைக் கட்டாயமாக நம்பிக்கை நிதியில் வைக்கவேண்டும் என்னும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. பதினெட்டு வயதில், 1965 இல், திருமணம் செய்து றொஸ் தம்பதியினரின் பிடியிலிருந்து வெளியேறியபோது, தமது சம்பாத்தியத்தின் பெரும்பகுதி கரைந்துபோயிருந்ததை டியூக் அறிந்தார். முகாமையாளரின் பேராசை இதற்குக் காரணமன்று என்று நாம் கூறவில்லை. அப்பேராசைக்கு வாயில் திறந்துவைத்தது யார் என்பதையும் கேட்கவேண்டும் என்பதே நம் வாதம்.

1967 இல் வெளியான 'வலி ஒஃப் த டோல்ஸ்' பற்றி நீண்டுரைக்க வேண்டியதில்லை. படம் மோசமானது, டியூக்கின் நடிப்பும் அதில் மிகைப்பட்டதே. மாத்திரைக்கும் மதுவுக்கும் அடிமையாகி வீழும் பாடகி நீலி ஓஹாராவாக அவர் நடித்தார். விமரிசகர் எள்ளி நகையாடினர். ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். அப்படத்தில் மூத்த நடிகையொருவரின் பாத்திரத்துக்கு முதலில் ஒப்பந்தமாகிப் பின்னர் நீக்கப்பட்டவர் ஜூடி கார்லன்ட். குழந்தைப் பருவத்திலேயே மேடையேற்றப்பட்டு மாத்திரைகளோடு வளர்ந்த அவர் 1969 இல் நாற்பத்தேழாவது வயதில் மறைந்தார். மாத்திரைகளை ஊட்டி வளர்த்த ஒரு தொழில், மாத்திரை உண்பது பெண்ணின் ஒழுக்கக்கேடு எனப் படமெடுத்தபோது, அத்தொழிலின் இரு குழந்தைகளையே அதற்குத் தேடிச் சென்றது.

தொலைக்காட்சியே டியூக்குக்கு மறுவாழ்வு அளித்தது. தொலைக்காட்சி என்றாலே தரக்குறைவு என்போர் 1970 இல் ஒளிபரப்பான 'மை ஸ்வீட் சார்ளி' என்னும் படத்தைக் கருத்திற்கொள்ள வேண்டும். கருவுற்றதால் வீட்டை விட்டு வெளியேறிய தென்மாநில வெள்ளைப் பெண்ணும், குடியுரிமைப் போராட்டச் சூழலில் தற்காப்புக்காகக் கொலை செய்ய நேர்ந்த கறுப்பின வழக்கறிஞரும் டெக்சாஸ் கரையோரத்து வெற்று வீடொன்றில் ஒளிந்து வாழ்கின்றனர். அல் ஃப்ரீமன் வழக்கறிஞராக நடித்தார். நிறவெறியைத் தாய்ப்பாலோடு பருகிய, கல்வியற்ற அப்பெண்ணை டியூக் நல்லவளாக்கிக் காட்ட முயலவில்லை. அவளது அறியாமையை அப்படியே வைத்து, பயத்தின் ஊடாக அது மெல்லக் கரைவதைக் காட்டினார். பாத்திரம் மாறக்கூடாது என்ற தொடரின் விதி இங்கு இல்லை. ஆதலால் கலைக்கு இடம் உண்டாயிற்று. இதற்காக எமி விருது பெற்ற மேடையில் அவர் பேசிய பேச்சு தொடர்பற்றுத் தடுமாறியது. போதைப்பொருள் எனப் பலர் முடிவுகட்டினர். நோய் என்பது தெரியவரப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. லிதியம் சிகிச்சை தமக்கு வாழ்வை மீட்டுத் தந்ததென அவர் வெளிப்படையாகப் பேசினார். 1992 இல் அந்நோயைப் பற்றி இன்னொரு நூலையும் இணைந்து எழுதினார். மனநோயைப் பற்றிப் பொதுமேடையில் தம் பெயரிட்டுப் பேசிய பிரபலங்களுள் அவர் முன்னோடி.

நம்மைப் போன்று சமூக நோக்கில் இலக்கியத்தையும் கலையையும் அணுகுவோர் இங்கு ஓர் எச்சரிக்கையைக் கொள்ளவேண்டும். இந்நோயையும் சுரண்டலின் நேரடி விளைவெனக் கூறிவிடும் ஆவல் நமக்கு எழலாம். அது யாந்திரிகமான பொருள்முதல்வாதம். தாயும் மனச்சோர்வில் உழன்றவர் என்பதை முன்னரே கூறினோம். உடலுக்கும் தனக்கெனக் காரணங்கள் உண்டு. சுரண்டல் நோயை உண்டாக்கிற்றோ இல்லையோ, நோயைக் காணும் கண்ணை மறைத்தது என்பதே உறுதியாகச் சொல்லத்தக்கது. நடிப்பதற்கென வளர்க்கப்பட்ட ஒருத்தி அழுதாலும் சிரித்தாலும் அதனை நடிப்பென்றோ நட்சத்திரத்தின் செருக்கென்றோ எடுத்துக்கொள்வது சுற்றியிருந்தோருக்கு எளிதாயிற்று.

1985 முதல் 1988 வரை டியூக் திரை நடிகர் சங்கத்தின் தலைவராகப் பணியாற்றினார். 1933 இல் தோன்றிய அத்தொழிற்சங்கத்துக்கு அவர் இரண்டாவது பெண் தலைவர். அக்காலத்தில் வெள்ளை மாளிகையில் இருந்த றொனால்ட் றேகனும் அதே சங்கத்தின் முன்னாள் தலைவரே. 1981 இல் வேலைநிறுத்தம் செய்த வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பதினோராயிரத்துக்கும் அதிகமானோரை வேலைநீக்கம் செய்தவர் அவர். ஒரே சங்கம் எத்தகைய இருவரை ஈன்றது என வியக்காதிருக்க முடியவில்லை.

1979 இல் 'த மிரக்கிள் வேர்க்கர்' தொலைக்காட்சிக்காக மீண்டும் படமாக்கப்பட்டது. இம்முறை டியூக் ஆசிரியை ஆன் சலிவன். ஹெலனாக நடித்தவர், 1974 இல் தொடங்கிய 'லிட்டில் ஹவுஸ் ஒன் த பிரெய்ரி' தொடரின் வழியாகச் சிறுவயதிலேயே நாடறிந்த மெலிசா கில்பேர்ட். இந்நடிப்புக்காக டியூக் மீண்டும் எமி விருது பெற்றார். 1962 படத்தின் கலைச்செறிவு இதற்கில்லை. கருமைவெண்மையின் கூர்மையும் பென்னின் துணிவும் இங்கில்லை. எனினும் உணவறைக் காட்சியை மீண்டும் நோக்குதல் தகும். முன்பு மேசையின் ஒரு புறத்தில் எதிர்த்து நின்றவர் இப்போது மறுபுறத்தில் நின்று கையைப் பற்றுகின்றார். பான்கிராஃப்டின் சலிவனிடம் வெற்றி கொள்ளும் உறுதி மேலோங்கியிருந்தது. டியூக்கின் சலிவனிடமோ, தான் பற்றியிருக்கும் கை எதனை உணர்கின்றது என்பதை அறிந்த ஒருத்தியின் சோர்வு தெரிகின்றது. குழந்தையைக் கட்டாயப்படுத்திக் கற்பித்தல் விடுதலையாவது எப்போது, அடக்குமுறையாவது எப்போது என்னும் கேள்வியை நாடகாசிரியர் அவ்வளவாகக் கேட்கவில்லை. இந்நடிகையின் முகம் கேட்கின்றது. இரண்டையும் ஒரே இல்லத்தில் அனுபவித்தவர் அவர். கில்பேர்ட்டும் பின்னாளில், 2001 முதல் 2005 வரை, அதே நடிகர் சங்கத்தின் தலைவராக விளங்கினார்.

டியூக் 2016 மார்ச் 29 ஆந் திகதி ஐடஹோ மாநிலத்தில் அறுபத்தொன்பதாவது வயதில் காலமானார். சுயசரிதைக்கு அவர் இட்ட பெயர் 'கோல் மீ அன்னா', அதாவது என்னை அன்னா என்றே அழையுங்கள் என்பது. 1990 இல் அது தொலைக்காட்சிப் படமானபோது, வளர்ந்த பருவத்துத் தம்மைத் தாமே நடித்தார். குழந்தைப் பருவத்தை நடிக்க வேறு சிறுமியர் வந்தனர். நூலின் மேலட்டையில் அத்தலைப்பின் கீழ், இது பட்டி டியூக்கின் சுயசரிதை என்று அச்சிடப்பட்டிருந்தது.